இயந்திரம் இல்லாத கப்பல்

துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் வயிற்றுக்குள் பெரிய இயந்திரம் இருக்கும். இயந்திரம் ஓட எண்ணெய் எரியும். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் கப்பல் தன் வழியில் போகும்.

இயந்திரமே இல்லாத ஒரு பெரிய கப்பல் உண்டு. அதற்கு 160 வயதுக்கு மேல் ஆகிறது. இரும்பால் கட்டிய கப்பல். இன்றும் தண்ணீரில் மிதக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஒரு விடுமுறை நாளில், அது பாய் விரித்துக் கடலுக்குப் போகிறது. மாலையில் கரைக்குத் திரும்புகிறது. அதைப் பார்க்கக் கரையெங்கும் மக்கள் கூடுகிறார்கள்.

அந்தக் கப்பலின் பெயர் 'ஸ்டார் ஆப் இந்தியா'. 'இந்தியாவின் விண்மீன்' என்று பொருள். ஆனால் அது இருப்பது இந்தியாவில் அல்ல. அமெரிக்காவில், மேற்குக் கடற்கரையில், சான் டியேகோ என்னும் ஊரில் இருக்கிறது. அங்கே அது ஓர் அருங்காட்சியகம். மற்ற நாட்களில் மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு கப்பலில் ஏறிச் சுற்றிப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் உள்ள கப்பலுக்கு இந்தியாவின் பெயர் எப்படி வந்தது? அதைப் பிறகு பார்ப்போம். முதலில், கப்பல் கடலுக்குப் போகும் அந்த ஒரு நாளைப் பார்ப்போம்.

கயிறுகளின் காடு

காலையிலேயே மாலுமிகள் கப்பலுக்கு வந்துவிடுகிறார்கள். ஆண்களும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள். இளைஞர்கள் உண்டு, தலை நரைத்தவர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்காதவர்கள். ஊரில் வேறு வேறு வேலை பார்ப்பவர்கள். ஓய்வு நேரத்தில் கப்பலுக்கு வந்து வேலை கற்றுக்கொண்டவர்கள்.

கப்பலின் மேல்தளம் 205 அடி நீளம், 35 அடி அகலம். அதில் மூன்று பாய்மரங்கள் நிற்கின்றன. நடுவில் உள்ள மரத்தின் உயரம் சுமார் 125 அடி. பத்து மாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அவ்வளவு உயரம்.

பாய்மரத்தின் குறுக்கே நீண்ட கழிகள் கட்டப்பட்டுள்ளன. நம் தோணிக்காரர்கள் இந்தக் கழியைப் 'பருமல்' என்பார்கள். பாய் இந்தப் பருமலிலிருந்து கீழே தொங்குகிறது.

ஒவ்வொரு பாய்க்கும் பல கயிறுகள். பாயை மேலே இழுக்க ஒரு கயிறு. பாயின் கீழ் மூலையைப் பிடிக்க ஒரு கயிறு. பருமலைத் திருப்ப ஒரு கயிறு. பாயைச் சுருட்ட வேறு கயிறுகள். எல்லாவற்றையும் சேர்த்தால் நூற்றுக்கு மேல் வரும். இவை அனைத்தும் கீழே இறங்கி வந்து, தளத்தின் ஓரத்தில் வரிசையாக உள்ள முளைகளில் சுற்றப்பட்டிருக்கும். எல்லாக் கயிறும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். எந்த முளையிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்காது.

ஆகவே ஒவ்வொரு மாலுமியும் எந்தக் கயிறு எந்த முளையில் இருக்கிறது என்று மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். பகலில் தெரிந்தால் போதாது. அந்தக் காலத்தில் இரவிலும் மழையிலும் தடவிப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். ஒரு கயிற்றுக்குப் பதில் வேறு கயிற்றை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? மேலே மனிதர்கள் நிற்கும் பருமல் திடீரென்று திரும்பிவிடலாம். ஆள் விழுந்துவிடலாம்.

இந்தப் பாடத்தைத்தான் இன்றைய மாலுமிகள் மாதக்கணக்கில் படிக்கிறார்கள். கப்பல் துறையில் கட்டிக் கிடக்கும்போதே பாயை விரிக்கவும் சுருட்டவும் பழகுகிறார்கள். கடலில் ஒரு நாள். அதற்குக் கரையில் பல நாள். இவர்களில் பலர் முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகுதான் முதல் கயிற்றின் பெயரைக் கற்றவர்கள்.

காற்று எப்படி இழுக்கிறது?

கப்பலுக்கு இயந்திரம் இல்லை. ஆகவே அதனால் தானாகத் துறையை விட்டு வெளியே வர முடியாது. ஓர் இழுவைப் படகு வருகிறது. கப்பலைக் கட்டி மெல்ல இழுத்துச் செல்கிறது. ஊர் பின்னால் போகிறது. கலங்கரை விளக்கம் நிற்கும் குன்று பக்கத்தில் போகிறது. அதைத் தாண்டினால் பசிபிக் பெருங்கடல்.

இப்போது மாலுமிகள் கயிற்று ஏணி வழியாக மேலே ஏறுகிறார்கள். இடுப்பில் பாதுகாப்பு வார் கட்டியிருக்கிறார்கள். பருமலுக்குக் கீழே ஒரு கயிறு தொங்குகிறது. அதன்மேல் கால் வைத்து, பருமலின்மேல் வயிற்றைச் சாய்த்து நிற்கிறார்கள். பாயைக் கட்டியிருக்கும் கட்டுகளை அவிழ்க்கிறார்கள். கீழே கட்டளை கேட்கிறது. தளத்தில் உள்ளவர்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுக்கிறார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள். தேர் வடம் இழுத்தவர்களுக்கு இது புரியும். தனித்தனியாக இழுத்தால் பாய் அசையாது.

பாய் விரிகிறது. காற்று அதில் நிறைகிறது. இழுவைப் படகு கயிற்றை விட்டு விலகுகிறது. இனிமேல் கப்பல் காற்றின் கையில்.

துவைத்த சேலையை இருவர் விரித்துப் பிடித்துக் காய வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று அடித்தால் சேலை உப்பும். பிடித்திருக்கும் கையை இழுக்கும். ஒரு சேலையே அவ்வளவு இழுத்தால், வீட்டுக் கூரையைவிடப் பெரிய பாய்கள் பல சேர்ந்து எவ்வளவு இழுக்கும்! சரக்கோடு கூடிய இரும்புக் கப்பலையே அவை இழுத்துச் சென்றன.

காற்று பின்னாலிருந்து வீசினால் வேலை எளிது. பக்கத்திலிருந்து வீசினாலும் போகலாம். பருமலைச் சற்றுத் திருப்பிப் பாயைச் சாய்வாக வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் காற்று நேர் எதிரே வீசினால்? எந்தப் பாய்க்கப்பலும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. அப்போது கப்பல் கொஞ்ச தூரம் வலப்பக்கமாகச் சாய்ந்து போகும். பிறகு திரும்பி, கொஞ்ச தூரம் இடப்பக்கமாகப் போகும். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுவது போல. வழி நீளும். நாளும் கூடும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் எல்லாப் பருமல்களையும் திருப்ப வேண்டும். அத்தனை கயிறுகளையும் மறுபடி இழுக்க வேண்டும்.

விடுமுறை நாளில் இது மகிழ்ச்சியான உழைப்பு. வேர்வையோடு சிரிப்பும் இருக்கும். ஆனால் இந்தக் கயிறுகளை இதற்கு முன் இழுத்தவர்களுக்கு இது விளையாட்டாக இருக்கவில்லை.

முதல் பயணமே சிறையில் முடிந்தது

இந்தக் கப்பல் 1863-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தண்ணீரில் இறங்கியது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மேன் தீவில், ராம்சே என்னும் ஊரில் கட்டினார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான கப்பல்கள் மரக் கப்பல்கள். இது இரும்புக் கப்பல். அப்போது அது புதுமை. அதனால்தான் இன்றுவரை பிழைத்தது என்று சொல்லலாம்.

அப்போது அதன் பெயர் 'யூட்டர்பி'. பழைய கிரேக்கக் கதைகளில் வரும் இசைத் தேவதையின் பெயர் அது. நல்ல பெயர்தான். ஆனால் தொடக்கம் நன்றாக இல்லை.

1864 ஜனவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. சில நாட்களிலேயே வேறொரு கப்பலோடு மோதியது. முன்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த மரம் முறிந்தது. "இந்தக் கப்பலில் மேலே வர மாட்டோம்" என்று மாலுமிகள் மறுத்தார்கள். கப்பல் திரும்பியது. மறுத்த மாலுமிகளில் 17 பேருக்குக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது.

உடைந்த கப்பலில் உயிருக்குப் பயந்தவர்களுக்குச் சிறை. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி இருந்தது. மாலுமி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பயணம் முடியும்வரை வேலையை விட முடியாது. கடலில் வேலைநிறுத்தம் என்பது குற்றம்.

சென்னைக்கு அருகே புயல்

பழுது பார்த்த பிறகு கப்பல் கல்கத்தாவுக்குப் போய் வந்தது. அடுத்த பயணம் 1865-இல். வங்காள விரிகுடாவில், சென்னைக்கு அப்பால் கடலில், கப்பல் புயலில் சிக்கியது.

வங்கக் கடலின் புயலைப் பற்றிச் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று வானொலியும் தொலைக்காட்சியும் முன்கூட்டியே எச்சரிக்கை செய்கின்றன. 1865-இல் நடுக்கடலில் இருந்தவர்களுக்கு யார் சொல்வார்கள்? வானத்தின் நிறத்தையும் அலையின் போக்கையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தாலும் ஓடித் தப்ப இயந்திரம் இல்லை.

கேப்டன் ஒரு முடிவு எடுத்தார். பாய்மரங்களை வெட்டச் சொன்னார்.

கப்பலின் உயிரே பாய்மரம்தான். அதை ஏன் வெட்ட வேண்டும்? புயல் காற்று உயரமான மரங்களைத் தள்ளும்போது கப்பல் ஒரு பக்கமாகச் சாயும். அதிகம் சாய்ந்தால் கவிழும். மரத்தை வெட்டினால் மேலே உள்ள பாரம் குறையும். காற்று பிடித்துத் தள்ள ஒன்றும் இருக்காது. கப்பல் நிமிரும். ஆனால் மரம் போன பிறகு எப்படிப் போவது? அதைப் பிறகு யோசிக்கலாம், முதலில் உயிர் பிழைப்போம் என்பதே கணக்கு.

கயிறுகளையும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் விழுந்த மரம் கயிற்றில் தொங்கிக்கொண்டு கப்பலின் பக்கத்திலேயே மோதிக்கொண்டிருக்கும். இரவா பகலா என்று தெரியாத மழையில், சாய்ந்த தளத்தில், கோடரியோடு நின்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

கப்பல் பிழைத்தது. மொட்டைக் கப்பலாகத் தடுமாறி இலங்கையின் திரிகோணமலைத் துறைமுகத்தை அடைந்தது. பிறகு கல்கத்தாவில் பழுது பார்த்தார்கள். ஆனால் அதன் கேப்டன் ஊர் போய்ச் சேரவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் இறந்தார். உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். அவர் பெயர் வில்லியம் ஸ்டோரி.

பிழைப்புத் தேடிப் போனவர்கள்

1871-இல் கப்பல் கைமாறியது. அதன் பிறகு ஏறத்தாழ 25 ஆண்டுகள் வேறு வேலை. பிழைப்புத் தேடி இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்குப் போகும் குடும்பங்களை ஏற்றிச் சென்றது.

உலகின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பயணம். மிக விரைவான பயணத்துக்கு 100 நாள் ஆனது. மிக நீண்ட பயணத்துக்கு 143 நாள் ஆனது. கிட்டத்தட்ட ஐந்து மாதம்! வழியில் எங்கும் இறங்க முடியாது. தளத்துக்குக் கீழே, இருட்டில், அடுக்குப் பலகைகளில் படுக்கை. புயல் வந்தால் மேல் கதவை மூடிவிடுவார்கள். காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. குழந்தைகள் அழுவார்கள். பலருக்கு வாந்தி.

அப்படிப்பட்ட கப்பலிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1879-ஆம் ஆண்டுப் பயணத்தில் பயணிகளே சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினார்கள். கப்பலின் பெயரையே பத்திரிகைக்கு வைத்தார்கள். சுற்றிலும் தண்ணீர். வெளியிலிருந்து ஒரு செய்தியும் வராது. தங்களைப் பற்றித் தாங்களே எழுதி, தாங்களே படித்தார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி இன்று பலவும் தெரிய வருவது அவர்கள் எழுதி வைத்ததால்தான்.

1897 முடிவதற்குள் இந்தக் கப்பல் உலகத்தை 21 முறை சுற்றி வந்துவிட்டது. எல்லாம் காற்றின் பலத்தால்.

பெயர் மாறியது

அதற்குள் நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்டன. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு இந்தியாவுக்கு வரும் வழியும் சுருங்கியது. நீராவிக் கப்பல் காற்றுக்குக் காத்திருக்காது. சொன்ன நாளில் வந்து சேரும். பாய்க்கப்பல்கள் மலிவு விலைக்குப் போயின.

1901-இல் இந்தக் கப்பலை அமெரிக்காவில் ஒரு மீன் நிறுவனம் வாங்கியது. வடக்கே, குளிர்ப் பிரதேசமான அலாஸ்காவில் சால்மன் என்னும் மீன் மிகுதி. வசந்த காலத்தில் மீனவர்களையும், மீனை டப்பாவில் அடைக்கும் தொழிலாளர்களையும் கப்பலில் ஏற்றிப் போவார்கள். இலையுதிர் காலத்தில் மீன் டப்பாக்களோடு திரும்புவார்கள். ஆட்கூலியை மிச்சம் பிடிக்க, பின்பக்கப் பாய்மரத்தில் இருந்த பருமல்களையும் நீக்கினார்கள். பாய் குறைந்தால் கயிறு குறையும். கயிறு குறைந்தால் ஆள் குறையும்.

இந்த நிறுவனத்தின் கப்பல்கள் பலவற்றுக்கு 'ஸ்டார்' என்று தொடங்கும் பெயர் இருந்தது. 'ஸ்டார் ஆப் பெங்கால்' என்றொரு கப்பல். 'ஸ்டார் ஆப் இத்தாலி' என்று இன்னொன்று. அந்த வரிசைக்காக 1906-இல் 'யூட்டர்பி'யின் பெயரை 'ஸ்டார் ஆப் இந்தியா' என்று மாற்றினார்கள். கல்கத்தாவுக்குப் போனதற்காகவோ, சென்னை அருகே பட்ட பாட்டுக்காகவோ வைத்த பெயர் அல்ல!

அந்த வரிசையில் எல்லாக் கப்பலும் பிழைக்கவில்லை. 'ஸ்டார் ஆப் பெங்கால்' 1908-இல் அலாஸ்கா கரையோரம் பாறையில் மோதி மூழ்கியது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசிய நாடுகளிலிருந்து போன டப்பாத் தொழிலாளர்கள்.

துருப்பிடித்த கப்பலுக்கு மறுவாழ்வு

1923-உடன் 'ஸ்டார் ஆப் இந்தியா'வின் வேலை முடிந்தது. 1927-இல் அதைச் சான் டியேகோவுக்கு இழுத்து வந்தார்கள். அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று திட்டம். ஆனால் பொருளாதார நெருக்கடி வந்தது. பிறகு உலகப் போர் வந்தது. கையில் காசு இல்லை. கப்பல் கரையோரம் கிடந்தது. கயிறு இற்றது, மரம் உளுத்தது, இரும்பு துருப்பிடித்தது. முப்பது ஆண்டுகள் இப்படியே போயின.

1957-இல் ஆலன் வில்லியர்ஸ் என்பவர் அந்த ஊருக்கு வந்தார். பாய்க்கப்பல் ஓட்டியவர், கடல் பற்றிப் பல புத்தகங்கள் எழுதியவர். கப்பலின் நிலையைப் பார்த்து அவர் வெளிப்படையாகக் குறை சொன்னார். ஊர் மக்களுக்கு உறைத்தது. பணம் திரட்டினார்கள். உளுத்த பலகையைப் பெயர்த்தார்கள். புது மரம் நட்டார்கள். புதுப் பாய் தைத்தார்கள். வேலை சீக்கிரம் முடியவில்லை. பல ஆண்டுகள் ஆயின.

1976 ஜூலை 4, அமெரிக்கா விடுதலை அறிவித்த 200-ஆம் ஆண்டு நாள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாய் விரிக்காத கப்பல் அன்று பாய் விரித்தது. அதன் பிறகும் அவ்வப்போது கடலுக்குப் போய் வருகிறது. 2013-இல் 150 வயது நிறைந்தபோதும் போனது.

இந்தக் கப்பல் எப்போதாவதுதான் போகும். ஆனால் அதே துறையில் 'கலிபோர்னியன்' என்ற சிறிய பாய்க்கப்பல் ஒன்றும் உண்டு. 1847-ஆம் ஆண்டுக் காவல் கப்பல் ஒன்றைப் பார்த்து 1984-இல் புதிதாகக் கட்டியது. விடுமுறைக்கு வரும் மக்களை அது கடலுக்கு அழைத்துப் போகிறது. சீட்டு வாங்கியவர்கள் சும்மா உட்கார்ந்தும் வரலாம். விரும்பினால் மாலுமிகளோடு சேர்ந்து கயிறும் இழுக்கலாம்.

இத்தகைய கப்பல்கள் இந்தியாவிலும் உண்டு. இந்தியக் கடற்படையின் 'தரங்கிணி' கோவாவில் கட்டிய மூன்று பாய்மரக் கப்பல். 1997-இல் கடற்படையில் சேர்ந்தது. 2003-இல் கொச்சியிலிருந்து புறப்பட்டு உலகத்தைச் சுற்றி 2004-இல் திரும்பியது. இதில் அவசரத்துக்கு இயந்திரமும் உண்டு. கடற்படையில் சேரும் இளைஞர்கள் இதில்தான் காற்றையும் அலையையும் படிக்கிறார்கள். போர்க்கப்பலில் பொத்தானை அழுத்தப் போகிறவர்களுக்குக் கயிறு எதற்கு என்று கேட்கலாம். பொத்தான் பழுதானாலும் கடல் அதே கடல்தான் என்பது கடற்படையினருக்குத் தெரியும்.

மாலை

சான் டியேகோவில் வெயில் சாய்கிறது. கேப்டன் கப்பலைத் திருப்பச் சொல்கிறார். குன்றின்மேல் கலங்கரை விளக்கம் மறுபடி தெரிகிறது. இழுவைப் படகு வந்து காத்திருக்கிறது.

மாலுமிகள் மீண்டும் மேலே ஏறுகிறார்கள். காலையில் ஏறியபோது இருந்த வேகம் இப்போது இல்லை. கை காய்த்திருக்கிறது. தோள் வலிக்கிறது. பருமலின்மேல் வரிசையாகச் சாய்ந்து, பாயைப் பிடி பிடியாக மேலே இழுத்துச் சுருட்டுகிறார்கள். இறுக்கிக் கட்டுகிறார்கள். தளர்வாகக் கட்டினால் இரவுக் காற்று பாயை அவிழ்த்துவிடும்.

கப்பல் துறைக்கு வந்து சேர்கிறது. கரையில் இருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். ஆனால் மாலுமிகள் உடனே இறங்குவதில்லை. தளம் முழுவதும் கயிறுகள் சிக்கலாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து, வளையமாகச் சுற்றி, அதனதன் முளையில் மாட்டுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முளை என்று தேடுகிறார். பக்கத்தில் இருப்பவர் சொல்லித் தருவதில்லை. கயிற்றின் மறுமுனை எங்கே போகிறது என்று அண்ணாந்து பார்க்கச் சொல்கிறார்.